அப்பா வாங்கிய கடனுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய். ஊரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த அப்பா இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 54. வங்கியில் தனிநபர் கடன் 3,20,000, கிரெடிட் கார்டில் 86,000, அம்மாவின் 5 பவுன் நகையை அப்பா பெயரில் அடகு வைத்து வாங்கிய 1,90,000, ஊரில் ஒருவரிடம் புரோநோட்டு எழுதி வாங்கிய 1 லட்சம் பாக்கி இருக்கிறது. குடியிருக்கும் வீடு அம்மா பெயரில். அப்பா பெயரில் 3 சென்ட் காலி மனையும், அதே வங்கிக் கணக்கில் 41,000 ரூபாயும் உண்டு. வசூல் ஏஜென்ட்கள் இரவு 9 மணிக்கு மேல் போன் செய்கிறார்கள். தம்பியின் கல்லூரி வாசலுக்கே போய், “ஆம்பளப் பிள்ளை நீதான் அப்பா கடனை அடைக்கணும்” என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு 5,000 கட்டி, ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்த 5,000 ரூபாயையும் கட்டாதீர்கள். இதைப் படித்து முடிக்கும் முன்பே அம்மாவுக்கும் தம்பிக்கும் போன் செய்து, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்பா போன துக்கம் ஆறுவதற்குள் இப்படி ஒரு நெருக்கடி. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, கல்லூரி வாசலில் நின்ற அந்தப் பையனை நினைத்துத்தான் எனக்கு மனம் கனத்தது. அவனிடம் சொன்ன வார்த்தைக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. தகப்பன் கடனை மகன் அடைப்பது தர்மம் என்று இந்து சட்டத்திலேயே ஒரு காலத்தில் ஏற்றிருந்தார்கள். 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது அது முடிந்துபோனது. அந்த ஆண்டு செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடனை, மகன் என்ற ஒரே காரணத்துக்காக மகனிடம் வசூலிக்கும் உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது. சட்டம் கைவிட்டதைத்தான் ஏஜென்ட் உங்கள் தம்பியின் தலையில் வைக்கப் பார்க்கிறார். அப்பாவின் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் நம் வீடுகளில் எவ்வளவு ஆழமானது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, அப்படியானால் கடன் யாருடையது? அப்பா விட்டுச் சென்ற சொத்தின் மேல் அது நிற்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: இறந்தவரின் சொத்தில் வாரிசின் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. உங்கள் சம்பளம், தம்பி நாளைக்குச் சம்பாதிக்கப் போவது, அம்மா பெயரில் இருக்கும் வீடு எதுவும் இந்தக் கணக்கில் வராது. 3 சென்ட் மனை வரும். வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினால் அதன் மேல் கை வைக்கலாம். அதனால் அவசரப்பட்டு மனையை விற்றுச் செலவழிக்க வேண்டாம். விற்றால் அந்தத் தொகைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சேமிப்புக் கணக்கும் அதே வங்கியில் இருப்பதால் அந்த 41,000-ஐக் கடனுக்கு ஈடாக அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். அதை நம்பி எந்தச் செலவும் திட்டமிடாதீர்கள்.

இதெல்லாம் ஒரு நிபந்தனையோடு: அம்மாவோ நீங்களோ அந்தக் கடனில் கோ-அப்ளிகண்டாகவோ (இணைக் கடனாளர்) ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. போட்டிருந்தால் நிலைமையே வேறு. ஜாமீன் போட்டவரின் பொறுப்பு, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். “எங்கேயோ கையெழுத்து வாங்கினாங்க, எதுக்குன்னு தெரியல” என்று சொல்லும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஞாபகத்தை நம்ப வேண்டாம். அம்மாவின் பான் எண்ணை வைத்து, அவர் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். அவர் இணைக் கடனாளராகவோ ஜாமீனாகவோ இருந்தால் அதில் தெரியும். உங்கள் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். “உன் சிபில் கெட்டுப்போகும், நாளைக்கு லோன் கிடைக்காது” என்ற மிரட்டலுக்கு, அப்பாவின் கடன் உங்கள் அறிக்கையில் இல்லை என்பதே பதில்.

அந்தக் கடிதத்தை நான் ஏன் இவ்வளவு அஞ்சுகிறேன் என்றால், “அப்பாவின் கடனை நான் ஏற்றுக்கொள்கிறேன், தவணையில் கட்டுகிறேன்” என்று நீங்கள் எழுதிக் கொடுத்த பிறகு, மனையோடு நிற்க வேண்டிய விஷயம் உங்கள் சம்பளத்தின் மேல் ஏறிக்கொள்ளும். அதை வைத்தே உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

அதற்குப் பதிலாக வங்கிக் கிளைக்கு நீங்களே ஒரு கடிதம் கொடுங்கள். “என் தந்தை இன்ன தேதியில் காலமானார். இறப்புச் சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன். இந்தக் கடனில் நான் இணைக் கடனாளரோ ஜாமீன்தாரரோ இல்லை. இறந்த தேதி வரையிலான கணக்கு விவரத்தையும், இந்தக் கடனுக்குக் காப்பீடு இருந்தால் அதன் விவரத்தையும் எழுத்தில் தாருங்கள். இனித் தொடர்பு எழுத்து மூலமாகவே இருக்கட்டும்.” இவ்வளவு போதும். நகலில் முத்திரையோடு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். கார்டுக்கும் இதே கடிதம்தான்.

காப்பீட்டை முக்கியமாகக் கேளுங்கள். தனிநபர் கடன் கொடுக்கும்போதே பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போடுவது பல இடங்களில் வழக்கம். அப்படி ஒரு பாலிசி இருந்தால் பாக்கி முழுவதும்கூட அதிலேயே அடைந்துவிடலாம். அப்பாவின் பாஸ்புக்கில் மே கடைசியில் அல்லது ஜூனில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 55 வயது வரை செல்லும், 2 லட்சம் ரூபாய் நாமினிக்கு வரும். அப்பாவின் சிம் கார்டை இப்போதைக்கு ரத்து செய்ய வேண்டாம். நீங்கள் அறியாத கடனும் பாலிசியும் அதில் வரும் குறுஞ்செய்தியில்தான் வெளியே வரும்.

போன் தொல்லைக்கு வருவோம். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட உத்தரவுப்படி, காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. குடும்பத்தினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வதும், பொது இடத்தில் அவமானப்படுத்துவதும் தடை. இரவு வந்த அழைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பேச்சைப் பதிவு செய்யுங்கள். நேரில் வந்தால் வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே குரல் இறங்கும். எல்லாவற்றையும் சேர்த்து வங்கிக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். கல்லூரிக்கு மறுபடி வந்தால் காத்திருக்க வேண்டாம், தம்பியைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

காப்பீடு எதுவும் இல்லையென்றால், மனையின் மதிப்பை விசாரித்து வைத்துக்கொண்டு வங்கியோடு ஒரே தவணை செட்டில்மெண்ட், அதாவது ஒரு தொகையை ஒரே முறை கட்டிக் கடனை முடித்துக்கொள்வது பற்றிப் பேசலாம். மனையின் மதிப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பேச வேண்டாம். பணம் கொடுக்கும் முன் செட்டில்மெண்ட் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

புரோநோட்டுக்காரரிடம் மூலத்தைக் காட்டச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய தேதி அல்லது கடைசியாக வட்டி வரவு வைத்த தேதியிலிருந்து 3 ஆண்டு தாண்டியிருந்தால் வழக்குப் போட முடியாது. ஊர்க்காரர், அவசரத்துக்கு உதவியவர், கொடுத்தே தீர வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால் கொடுங்கள். அதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் தம்பியின் படிப்பு முடிந்த பிறகு, முடிந்தபோது. புரோநோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் பணம். கந்துவட்டி கேட்டு மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, காவல் துறையிடம் போங்கள்.

கையில் கொஞ்சமாவது பணம் புரளுமானால், அது போக வேண்டிய இடம் நகைக்கடன். 5 பவுன் என்றால் 40 கிராம். இன்றைய விலையில் அந்த நகை கடனைவிட அதிகம் பெறும். அடகு ரசீதில் கெடு எப்போது என்று இன்றே பாருங்கள். இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வரும் வரை ஏலத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று அடகு வைத்த இடத்தில் எழுதிக் கொடுங்கள். வட்டியை மட்டும் கட்டி வாருங்கள். நகை அம்மாவுடையது, அது வீடு திரும்பட்டும்.