சீட்டில் வந்த குதிரைக்கு 33/1: கிராண்ட் நேஷனல் பற்றி ஒரு வாசகியின் கேள்வி

கேள்வி: மான்செஸ்டரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமை நடக்கும் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்துக்காக எங்கள் வார்டில் ஆளுக்கு இரண்டு பவுண்டு போட்டுச் சீட்டு எடுத்தோம். எனக்கு வந்த குதிரைக்கு 33/1 என்று போட்டிருக்கிறது. அதற்கு வாய்ப்பே இல்லை என்று சிரிக்கிறார்கள். உண்மையா? வெளியே தனியாக ‘ஈச் வே’ கட்டு என்றும் சொல்கிறார்கள், அது என்ன? ஏழு வயது மகள் டிவியில் பார்க்க வேண்டும் என்கிறாள். குதிரைகள் விழும் என்று கேள்விப்பட்டேன். காட்டலாமா?

பதில்: சிரிக்கிறவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 2024 முதல் இந்தப் பந்தயத்தில் அதிகபட்சம் 34 குதிரைகள்தான் ஓடுகின்றன. அதற்கு முன்பு 40. 34 குதிரைக்கும் ஒரே அளவு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் விலை 33/1 வரும் (ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் 33 பவுண்டு லாபம்). அதாவது உங்கள் குதிரை சரியாக நடுத்தரம். அதற்குக் கீழே 50/1, 66/1, 100/1 என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கும். சீட்டில் எல்லோரும் ஒரே இரண்டு பவுண்டுதான் கொடுத்திருக்கிறீர்கள் என்பதால், உங்களுக்கு நஷ்டமான சீட்டு வரவில்லை.

2025இல் ஜெயித்த நிக் ராக்கெட்டின் விலையும் இதே 33/1தான். அதை ஓட்டியவர் பாட்ரிக் மல்லின்ஸ். சம்பளம் வாங்காத அமெச்சூர் ஜாக்கி. பயிற்சியாளர் அவருடைய அப்பா வில்லி மல்லின்ஸ். அன்று முதல் மூன்று இடமும் அவர் லாயத்துக்கே போனது. ஆனால் மகன் முதலில் வந்ததைப் பார்த்துத்தான் அந்த மனிதர் டிவி கேமரா முன்னால் பேச முடியாமல் அழுதார். அந்தக் குதிரை சொந்தக்காரரின் மனைவி ஆசைப்பட்டு வாங்கியது. வெற்றியைப் பார்க்க அந்த அம்மா உயிரோடு இல்லை. இந்தப் பந்தயத்தை நான் வருடா வருடம் விடாமல் பார்ப்பதற்கு இப்படிப்பட்ட சனிக்கிழமைகள்தான் காரணம்.

சரி, உங்கள் குதிரை நடுத்தரத்தில் எந்தப் பக்கம்? சனிக்கிழமை காலை எந்த இங்கிலீஷ் பேப்பரை வாங்கினாலும் நேஷனலுக்கென்று தனி இணைப்பு இருக்கும். அதில் உங்கள் குதிரையின் பெயரைத் தேடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு வரிசை இருக்கும். அதுதான் குதிரையின் ஜாதகம். வலது கடைசியில் இருப்பது ஆகக் கடைசியாக ஓடிய பந்தயம். 1 என்றால் முதலிடம், 3 என்றால் மூன்றாமிடம், 0 என்றால் பத்தாவதோ அதற்குப் பின்னாலோ. நீங்கள் கவனிக்க வேண்டியது எழுத்துகளை. எஃப் என்றால் விழுந்தது. யு என்றால் குதிரை விழவில்லை, ஜாக்கி மட்டும் கீழே விழுந்தார். பி என்றால் முடியவில்லை என்று ஜாக்கியே பாதியில் நிறுத்திவிட்டார். சிறு கோடு (-) ஒரு சீசன் முடிந்து அடுத்தது ஆரம்பித்ததைக் காட்டும்.

எஃப் எழுத்து ஒன்று இருந்தால் பயப்பட வேண்டாம், நல்ல குதிரையும் ஒருநாள் விழும். கடைசி நான்கைந்து ஓட்டத்தில் எஃப், யு மாறி மாறி வந்தால் அந்தக் குதிரைக்குத் தாண்டுவதில் தகராறு. நேஷனலில் 30 தடை. அதில் தகராறு பிடித்த குதிரை ஊர் போய்ச் சேராது.

அடுத்து தூரம். கிண்டியில் ரேஸ் பார்த்தவர்களுக்கு இது பழக்கமில்லாத ஓட்டம். அங்கே தடை எதுவும் கிடையாது, ஒன்றரை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே லிவர்பூல் பக்கம் எயின்ட்ரியில் கிட்டத்தட்ட 6.9 கிலோமீட்டர், இரண்டு சுற்று, ஒன்பது நிமிடத்துக்கு மேல். அதனால் உங்கள் குதிரை மூன்று மைலுக்கு மேற்பட்ட பந்தயங்களில் ஏதாவது ஜெயித்திருக்கிறதா என்று பாருங்கள். 2024இல் ஜெயித்த ஐ ஆம் மாக்ஸிமஸ் முந்தைய வருடமே ஐரிஷ் கிராண்ட் நேஷனலை ஜெயித்திருந்தது. தூரம் தாங்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம்.

வயதைப் பொறுத்தவரை எட்டிலிருந்து பதினொன்று வரை நல்லது. ஏழு வயதுக் குதிரை 1940க்கு அப்புறம் 2022இல்தான் மறுபடி ஜெயித்தது. பதின்மூன்று வயதுக் குதிரை ஜெயித்தே நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இனி எடை. புதிதாகப் பார்க்கிறவர்கள் கவனிக்காமல் விடுவதும், பந்தயத்தை முடிவு செய்வதும் இதுதான். நேஷனலில் எல்லாக் குதிரையும் ஒரே எடையைச் சுமப்பதில்லை. திறமையான குதிரைக்கு அதிகச் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமை. ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து அந்த எடை வர வேண்டும். குறைந்தால் சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு வைத்துச் சரி செய்வார்கள். இப்போது உச்ச எடை 11 ஸ்டோன் 12 பவுண்டு, நம் கணக்கில் 75 கிலோ.

இந்தச் சுமை என்ன செய்யும் என்பதற்கு 1973 பந்தயத்தை விடச் சிறந்த பாடம் இல்லை. பழைய படம் எளிதாகக் கிடைக்கும், தேடிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிஸ்ப் என்ற பெரிய குதிரை 12 ஸ்டோன் சுமந்து, இரண்டாம் சுற்றில் யாருமே பக்கத்தில் இல்லாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ரெட் ரம் சுமந்தது 10 ஸ்டோன் 5 பவுண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கடைசித் தடையைத் தாண்டும்போதுகூட கிரிஸ்ப் வெகு தூரம் முன்னால் இருந்தது. அதற்கு மேல் தடை கிடையாது, 450 மீட்டர் வெறும் புல்தரை. அங்கேதான் அதன் கால் கனத்துப்போனது. நேராக ஓட முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. ரெட் ரம் ஒவ்வொரு அடியாக நெருங்கி, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் முந்தி, முக்கால் குதிரை நீளத்தில் ஜெயித்தது. அது 1974லும் 1977லும் மறுபடி ஜெயித்தது. மூன்று முறை ஜெயித்த குதிரை இன்றுவரை அது ஒன்றுதான், எயின்ட்ரியில் முடிவுக் கோட்டின் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். ஆனாலும் 1973 படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனசு கிரிஸ்ப் பக்கம்தான் போகிறது.

உங்கள் குதிரையின் எடை பட்டியலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் இருந்தால் நல்லது. மேலே இருந்தாலும் கைவிட வேண்டாம். 2025இல் உச்ச எடையைச் சுமந்த ஐ ஆம் மாக்ஸிமஸ் இரண்டாவதாக வந்தது.

‘ஈச் வே’ என்பது ஒரே தடவையில் இரண்டு பந்தயம் கட்டுவது. பாதிப் பணம் குதிரை ஜெயிக்கும் என்று, பாதி முன்னணி இடங்களில் ஒன்றில் வரும் என்று. இரண்டு பவுண்டு ஈச் வே என்றால் உங்களிடம் நான்கு பவுண்டு வாங்குவார்கள். இது தெரியாமல் கவுன்டரில் திகைக்கிறவர்கள் நிறையப் பேர். 33/1 விலையில், முன்னணி இடத்துக்கு அந்த விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் பார்ப்போம். குதிரை நான்காவது வந்தால் ஜெயிக்கும் என்று கட்டிய இரண்டு பவுண்டு போய்விடும், மற்றதற்கு 15 பவுண்டு 20 பென்ஸ் திரும்ப வரும். ஜெயித்தால் மொத்தம் 83 பவுண்டு 20 பென்ஸ். நான்கு இடம்வரை கொடுப்பது வழக்கம். நேஷனல் அன்று பல கடைகள் ஐந்து, ஆறு இடம்வரைகூடக் கொடுக்கும். அதற்குப் பதிலாகப் பங்கைக் குறைத்திருப்பார்கள். கட்டுவதற்கு முன்னால் எத்தனை இடம், எத்தனையில் ஒரு பங்கு என்ற இரண்டையும் கேளுங்கள்.

கட்டித்தான் ஆக வேண்டுமா என்றால், என் அபிப்பிராயத்தில் வேண்டாம். வார்டுச் சீட்டே போதும். ஒன்பது நிமிடமும் உங்களுக்கென்று ஒரு குதிரை ஓடும். அதையும் மீறி ஆசை இருந்தால் அந்த நான்கு பவுண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பந்தயம் முடிந்ததும் விட்டதைப் பிடிக்க அடுத்த ரேஸில் கட்டாதீர்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கேள்வியில் நான் அதிகம் யோசித்தது இதற்குத்தான்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. விழுவதோடு நிற்பதில்லை, குதிரைகள் இறந்தும் இருக்கின்றன. 2012இல் இந்தப் பந்தயத்தில் இரண்டு இறந்தன. 2023இல் முதல் தடையிலேயே விழுந்து ஒன்று இறந்தது. 2025இல் பதின்மூன்று வயதுக் குதிரை ஒன்று ஓட்டத்தின் கடைசியில் சுருண்டு விழுந்து, சில நாளில் இறந்துபோனது. 2012க்குப் பிறகு தடைகளின் உள்ளே இருந்த மரக்கட்டைச் சட்டத்தை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கை வைத்தார்கள். வெளியே தெரியும் பச்சைத் தழை அதே ஸ்ப்ரூஸ்தான். 2024இல் குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், முதல் தடைக்கு முன் அதிக வேகம் பிடிக்காதபடி அதைத் தொடக்கத்துக்கு அருகே நகர்த்தினார்கள். அந்த வருடம் ஓடிய 32 குதிரைகளும் பத்திரமாகத் திரும்பின. இந்த மாற்றங்கள் பலன் தந்திருக்கின்றன என்று நம்புகிறேன், ஆபத்து போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

அதனால் காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். முன்பே இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். ஜாக்கி இல்லாமல் தனியாக ஓடும் குதிரையைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், ஆளை இறக்கிவிட்டுக் கூட்டத்தோடு ஓடுகிறது, அவ்வளவுதான். எங்காவது பச்சைத் திரை கட்டினால் அங்கே டாக்டர்கள் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது அவள் கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

பார்ப்பதற்கு அவள் கையில் ஒரு வேலை கொடுங்கள். பேப்பரில் ஜாக்கிச் சட்டைகளின் படம் வண்ணத்தில் இருக்கும். உங்கள் குதிரையின் சட்டையைக் கிரேயானில் வரையச் சொல்லுங்கள், தொப்பியின் நிறத்தையும் சேர்த்து. தொப்பி முக்கியம், ஏனென்றால் பச்சையும் பொன்மஞ்சளும் பட்டை பட்டையாகப் போட்ட, குதிரை முதலாளி ஜே.பி. மெக்மானஸின் சட்டையில் நான்கைந்து பேர் ஓடுவார்கள், தொப்பியை வைத்துத்தான் பிரித்துக் காண முடியும். 2021இல் அதே சட்டையில் மினெல்லா டைம்ஸை ஓட்டி ஜெயித்தவர் ரேச்சல் பிளாக்மோர், நேஷனலை ஜெயித்த முதல் பெண். மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஐடிவியில் இலவசமாக வரும். பந்தயம் மாலை 4 மணி, ஊரில் தாத்தா பாட்டிக்கு இரவு 8.30. ஆறாவது தடை பீச்சர்ஸ் புரூக். 1839இல் கேப்டன் பீச்சர் என்ற ஜாக்கி விழுந்து ஓடைக்குள் பதுங்கிய இடம். எட்டாவது கனால் டர்ன், தாண்டிய உடனே இடது பக்கம் 90 டிகிரி திரும்ப வேண்டும். இரண்டாம் சுற்றில் இதே இரண்டும் 22, 24 என்று வரும். 24ஐத் தாண்டித் திரும்பும் கூட்டத்தில் மகள் வரைந்த சட்டை இன்னும் தெரிந்தால், வார்டு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.