வெளிநாட்டு பையர்களுடன் மீட்டிங் நடத்த, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே ஓடும் சேவைகளில் எது நல்லது?

சிறிய பனியன் ஏற்றுமதி நிறுவனம், பையர்களின் (சரக்கு வாங்குபவர்களின்) ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்ய அனுமதி கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பூரில் இதே மாதிரி ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலைகளைப் பார்க்கிறேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தச் சேவையையும் உங்கள் ஆபீஸில் உட்கார்ந்து எடைபோடாதீர்கள். ஃபைபர் லைனும் புது லேப்டாப்பும் இருக்கும் இடத்தில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். மீட்டிங்கில் யாருடைய லைன் மோசமோ, யாருடைய ஆபீஸ் ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல் தடுப்பு) கெடுபிடியானதோ, அவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்த இருவர், சாயப்பட்டறை மேனேஜரும் ஐரோப்பாவில் இருக்கும் பையரும்.

பிரவுசரில் மீட்டிங் நடப்பதற்கு அடிப்படை வெப்ஆர்டிசி என்ற தொழில்நுட்பம். கூகுள் 2011-இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிட்டது. 2021 ஜனவரியில் அதிகாரப்பூர்வமான இணையத் தரமாகவே ஆகிவிட்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி எல்லாவற்றிலும் இருக்கிறது. இதில் குரலும் படமும் பெரும்பாலும் யுடிபி என்ற வேகமான அனுப்பும் முறையில் போகின்றன. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஃபயர்வால் யுடிபியை அடைத்து வைத்திருக்கும். நல்ல சேவை என்றால் அப்போது சாதாரண இணையப் பக்கங்கள் போகும் 443 என்ற போர்ட் (நெட்வொர்க் வாசல் எண்) வழியாக, டிசிபி என்ற இன்னொரு அனுப்பும் முறைக்கு மாறிக்கொள்ளும். மாறத் தெரியாத சேவையில் பையர் உள்ளே வந்துவிடுவார், பெயர் தெரியும், சாட்டும் போகும், குரலும் படமும் மட்டும் வராது. இந்த அறிகுறி தெரிந்தால் மைக்கை மாற்றிப் பார்த்து நேரத்தை விரயம் செய்ய வேண்டாம். கோளாறு வழியில் இருக்கிறது.

சோதனைக்குக் குறைந்தது மூன்று பேரை உட்கார வையுங்கள். உதாரணமாக ஜிட்சி என்ற மீட்டிங் சேவையில் இருவர் மட்டும் பேசினால் இணைப்பு நேரடியாக அவர்களுக்குள்ளேயே போகும். மூன்றாவது ஆள் வந்ததும்தான் எல்லாம் சர்வர் வழியாக மாறும். இருவரை வைத்து "அருமையாக இருக்கிறது" என்று முடிவு செய்தால் அந்த சர்வரை நீங்கள் சோதிக்கவே இல்லை.

இனி பெயர்கள். கூகுள் மீட் பிரவுசருக்காகவே செய்தது. இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம்தான். ஜூமில் இலவச வரம்பு 40 நிமிடம். பையர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது அறை மூடிக்கொள்வதைப் போல மரியாதைக் குறைவு வேறில்லை, ஆகவே தொழிலுக்கு என்றால் காசு கட்டிவிடுங்கள். ஜூமில் பிரவுசரிலேயே சேரும் வழி உண்டு, ஆனால் அந்த லிங்க் சட்டென்று கண்ணில் படாது. மீட்டிங் நடத்துபவர் தன் கணக்கின் செட்டிங்கில் அதைக் காட்டும்படி வைக்க வேண்டும். சென்னை ஜோஹோவின் ஜோஹோ மீட்டிங்கும் பிரவுசரில் நடக்கும். ஏற்கெனவே ஜோஹோ மெயில் வைத்திருப்பவர்கள் அதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

ஜிட்சி எனக்கு மிகவும் பிடித்தது. திறந்த மூலம், சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளலாம், உரையாடல் நம் கையிலேயே இருக்கும். ஆனால் அதன் வீடியோ 10000 என்ற எண்ணுள்ள யுடிபி போர்ட்டில் போகிறது, மேலே சொன்ன ஃபயர்வால் சிக்கல் அப்படியே வரும். இடையில் நின்று கடத்திவிடும் டர்ன் சர்வரை 443-இல் அமைத்தால்தான் தீரும். ரெக்கார்டிங்கை சர்வரிலேயே எடுக்க ஜிப்ரி என்று தனியாக ஒன்று வேண்டும். ஒரு ஜிப்ரி ஒரு நேரத்தில் ஒரு மீட்டிங்கைத்தான் பதிவு செய்யும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். உங்கள் ஆபீஸில் அப்படி ஆள் இல்லை என்றால் காசு கட்டிய கூகுள் மீட்டே என் பரிந்துரை.

குரலைத்தான் முதலில் பாருங்கள். ஓபஸ் என்ற ஒலி முறை மிகக் குறைந்த டேட்டாவிலும் பேச்சைத் தெளிவாகக் கொண்டுபோகும், லைனைத் தின்பது வீடியோதான். லைன் திணறும்போது சேவை தானாகப் படத்தைக் குறைத்துக் குரலைக் காப்பாற்றுகிறதா என்று மொபைல் டேட்டாவில் ஒரு முறை பாருங்கள். பழைய லேப்டாப்பில் பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், பிராசசரை அது பிழிந்துவிடும். போன் பிரவுசரிலிருந்து ஸ்கிரீன் ஷேர் செய்ய முடியாது என்பதையும் சாயப்பட்டறை ஆட்களிடம் முன்பே சொல்லி, ஆப் போட வைத்துவிடுங்கள்.

நம் தொழிலுக்கு மட்டுமான ஒன்று உண்டு, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். எந்தச் சேவையாக இருந்தாலும் லேப் டிப் (சாயமிட்ட சிறு மாதிரித் துணி) ஷேடை வீடியோவில் அப்ரூவல் வாங்காதீர்கள். வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத்தின் விவரத்தைக் காப்பாற்றி, நிறத்தின் விவரத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறார்கள். கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும், பையரின் ஸ்கிரீன் இன்னொரு விதமாகக் காட்டும். அளவு, தையல், பிரிண்ட் உட்காரும் இடம், பேக்கிங் எல்லாம் வீடியோவில் பேசலாம். ஷேடுக்குத் துணியை கூரியரில் அனுப்பி, அவர் லைட் பாக்ஸில் (சீரான வெளிச்சத்தில் நிறம் பார்க்கும் பெட்டி) வைத்துப் பார்த்த பிறகு மீட்டிங் வையுங்கள்.