டிபாச்சரி: எங்கே பொருந்தும், எங்கே இடிக்கும்? (கேள்வி பதில்)

கேள்வி: டிபாச்சரி (debauchery) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒழுக்கக்கேடு என்கிறது அகராதி. லஞ்சம் வாங்குவதையும் அப்படிச் சொல்லலாமா?

பதில்: கூடாது. அந்தச் சொல்லுக்குள் உடலின்பம் இருந்தாக வேண்டும். குடி, காமம், போதை இவற்றில் கட்டுமீறித் திளைப்பதுதான் டிபாச்சரி. காபிகூடத் தொடாத ஆசாமி கோடிகளைச் சுருட்டினால் அது கரப்ஷன். வீட்டில் ஒரு பெக் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவருக்கும் இந்தப் பட்டம் கிடையாது.

கேள்வி: நாவல் மொழிபெயர்க்கிறேன். 'எ லைஃப் ஆஃப் டிபாச்சரி' வருகிறது. என்ன போடுவது?

பதில்: கதாபாத்திரம் ஆண், பேசுகிறவர் ஊர்ப் பெரியவர் என்றால் 'குடியும் கூத்தியுமாத் திரிஞ்சான்' கச்சிதம். பெண் பாத்திரத்துக்கு அது ஒட்டாது. 'குடி, கும்மாளம் என்று கெட்டலைந்தாள்' எனலாம். கட்டுரை நடைக்குச் 'சிற்றின்பக் களியாட்டம்'. வெறும் 'ஒழுக்கக்கேடு' என்றால் பொய்யும் திருட்டும்கூட உள்ளே நுழைந்துவிடும். 'கேளிக்கை' என்றால் கண்டனம் காணாமல் போய்விடும்.

கேள்வி: டிப்ராவிட்டி, டெகடன்ஸ், ப்ராஃப்ளிகேட் எல்லாம் ஒன்றுதானா?

பதில்: டிப்ராவிட்டி மனத்தின் வக்கிரம். குழந்தையைச் சித்திரவதை செய்கிறவன் சொட்டு மது தொடாதவனாக இருக்கலாம், அவன் டிப்ரேவ்ட். டெகடன்ஸ் என்பது சீரழிவு, ஆனால் டெகடன்ட் என்று சாக்லேட் கேக்கைப் புகழ்ந்து மெனு கார்டில் போடுகிறார்கள். அங்கே டிபாச்ட் என்று எழுதினால் சிரிப்பார்கள். ப்ராஃப்ளிகேட் ஊதாரித்தனத்தின் பக்கம் சாயும், அரசின் வீண்செலவைக்கூட அப்படித் திட்டலாம்.

ஊதாரித்தனமும் டிபாச்சரியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைப் பார்க்க, ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1730-களில் வரைந்த 'எ ரேக்ஸ் ப்ராக்ரஸ்' (ஓர் ஊதாரியின் வாழ்க்கைப் போக்கு) ஓவியங்கள் எட்டையும் பாருங்கள். அப்பன் சேர்த்த பணத்தை மகன் கரைக்கிறான். மூன்றாவது படம் லண்டனின் ரோஸ் டாவர்ன் மதுக்கடையில் ஓர் இரவு: அவன் போதையில் நாற்காலியில் சரிந்து கிடக்க, ஒருத்தி அவன் கடிகாரத்தை உருவுகிறாள். சுவரில் ரோமப் பேரரசர்களின் படங்கள். எல்லா முகங்களும் சிதைந்திருக்க, களியாட்டத்துக்குப் பேர்போன நீரோ மட்டும் தப்பியிருக்கிறான். ஏழாவது படத்தில் கடன்காரர் சிறை, எட்டாவதில் பெட்லாம் மனநோய் விடுதி.

கேள்வி: பொருளாதாரக் கட்டுரையில் 'டிபாச் தி கரன்சி' என்று பார்த்தேன். பணம் குடிக்குமா என்ன?

பதில்: பிரெஞ்சில் இதன் வேர்ச்சொல்லுக்கு வேலையிலிருந்து ஆளை இழுத்துப் போவது என்ற பொருளும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. நேர்வழியிலிருந்து கலைத்துக் கெடுப்பது என்ற அந்த வினைப்பொருள்தான் இங்கே. தோற்றம் மாறாது, மதிப்பு கெட்டுப்போகும்: நோட்டை அளவின்றி அடித்து விலைவாசியை ஏற்றுவது. முதலாளித்துவத்தை ஒழிக்க இதுவே சிறந்த வழி என்று லெனின் சொன்னதாகப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1919-இல் எழுதினார். அதிலிருந்துதான் இந்தத் தொடர் பரவியது.

கேள்வி: வேலை ஒப்பந்தத்தில் 'மாரல் டர்பிட்யூட்' என்று இருக்கிறது. பார்ட்டிக்குப் போனால் வேலை போய்விடுமா?

பதில்: அது சட்டச் சொல், டிபாச்சரி அல்ல. மோசடி, கையாடல், திருட்டு போன்ற இழிகுற்றங்கள் அதில் வரும். 2025 வரை நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 4(6) பிரிவிலும் இச்சொல் இருந்தது: பணியின்போது அத்தகைய குற்றம் புரிந்ததற்காக நீக்கப்பட்டால் கிராஜுவிட்டியை முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கலாம் என்றது. பார்ட்டிக்குத் தாராளமாகப் போங்கள்.

கேள்வி: உச்சரிப்பு? வாக்கியத்தில் எப்படி அமைப்பது?

பதில்: அழுத்தம் இரண்டாம் அசையில். நடுவில் 'பௌ' வராது. அமெரிக்கர் 'பா' பக்கம், ஆங்கிலேயர் 'போ' பக்கம். அப்படி வாழ்கிறவர் டிபாச்சீ, அதில் அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விடும். டிபாச்சரிக்கு நேர் முன்னால் 'எ' போடாதீர்கள். 'எ நைட் ஆஃப் டிபாச்சரி' என்றால் சரி. 'டூ டிபாச்சரி' தவறு, 'இன்டல்ஜ் இன்' வேண்டும். நண்பர்களின் கோவா பயணத்தைக் கேலியாக இப்படிச் சொல்வது சகஜம். அலுவலக மின்னஞ்சலில் வேண்டாம், படிக்கிறவர் நிஜமென்று எடுத்துக்கொள்வார்.