ஒரே இடம் ஒரு படத்தில் இதமாகவும் இன்னொன்றில் கனமாகவும் தெரிவது ஏன்?

காட்சி அமைப்பு என்பது கமராவுக்கு முன்னால் என்ன இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. இடம், நிறம், வெளிச்சம், உடை, நடிகர் நிற்கும் தூரம் எல்லாம் இதற்குள் வரும்.

மட்டக்களப்பில் ஒரே வளவில் கலியாணமும் நடக்கும், செத்த வீடும் நடக்கும். வாசலில் நிற்பது வாழைமரமா வெள்ளைக் கொடியா என்று பார்த்ததுமே, யாரும் வாய் திறக்குமுன் நம் குரல் மாறிவிடும். படத்திலும் அப்படித்தான், வசனத்துக்கு முந்திக் கண் முடிவெடுத்துவிடும்.

கல்லடிக் கடற்கரையில் இருவர் பேசுகிறார்கள் என்று வையுங்கள். காலை வெயிலில் அருகருகே இருத்தினால் நட்பு. அதே இருவரைத் திரையின் இரண்டு ஓரங்களில் நிறுத்தி, நடுவில் வெறும் மணலை விட்டால் பிரிவு. வசனத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. என்னைக் கேட்டால், நிறத்தைவிட இந்த வெற்றிடத்துக்குத்தான் வலு அதிகம். நம் குறும்படங்களில் பலரும் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான்.

இதெல்லாம் ஒளிப்பதிவாளர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1987இல் வந்த ‘நாயகன்’ படத்துக்கு, ஒளிப்பதிவுக்காக பி.சி. ஸ்ரீராமும், மும்பையின் தாராவி குடிசைப் பகுதியைச் சென்னையில் செட்டாகப் போட்ட கலை இயக்குநர் தோட்டா தரணியும் தனித்தனியே தேசிய விருது பெற்றார்கள்.