பிரான்சில் வாடகைக் கார் ஓட்டலாமா?

கேள்வி: தம்பி குடும்பத்தைப் பார்க்கக் கோடையில் பாரிஸ் செல்கிறோம். அங்கே காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாமா? (திருநள்ளாறு வாசகர்)

பதில்: தாராளமாக ஓட்டலாம். போக்குவரத்து அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். அது ஓராண்டுதான் செல்லும், அசல் உரிமம் உடன் இல்லாவிட்டால் அதனால் பயனில்லை.

பலர் தடுமாறுவது பணம் கட்டும் இடத்தில்தான். பிணைத்தொகையை நிறுத்திவைக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும். தம்பியின் கார்டை நீட்டினால் கார் கிடைக்காமல் போகலாம். காப்பீடு இருந்தாலும், சேதம் நேர்ந்தால் உங்கள் பங்காக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

சாவியை வாங்கியதும் அவசரப்படாதீர்கள். காரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, சக்கர விளிம்பு, பம்பரின் அடிப்பகுதி, முன்கண்ணாடி, எரிபொருள் முள் ஆகியவற்றைப் படமெடுத்து, விடுபட்ட கீறல்களை ஊழியர் முன்னிலையிலேயே படிவத்தில் குறிக்கச் செய்யுங்கள். திருப்பித் தரும்போது எழும் தகராறுகளில் பல இந்தச் சிறு கீறல்களைப் பற்றியவைதான்.

காரைக்காலிலும் கும்பகோணத்திலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய உங்களுக்கு அங்கே சாலையின் வலப்பக்கம் புதிது. அதைவிட முக்கியம், குறியீடு ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை என்னும் விதி. கியர் மாற்றும் கார்கள் அங்கே இன்னும் ஏராளம் என்பதால், தானியங்கி கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேளுங்கள். பாரிஸ் நகருக்குள் மெட்ரோ ரயிலே போதும். வெளியூர் செல்லும் நாளில் மட்டும் காரை எடுங்கள்.