வாசகர் கேள்வி, டாக்டர் பதில்: சி3 குறைந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்ததாகுமா?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது, பி.எட். படிக்கிறாள். லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய்) என்று சொல்லி ஒன்றரை வருடமாக மருந்து சாப்பிடுகிறாள். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சி3 48, சி4 6 என்று வந்திருக்கிறது, இரண்டுக்கும் பக்கத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி. என் நாத்தனார் "பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்று ஒரு மூலிகைப் பவுடர் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா? நல்ல ஆகாரம் கொடுத்தால் இந்த எண் ஏறுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, குடியாத்தம்)

பதில்: அம்மா, அந்தப் பவுடரை இன்றைக்கே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். நாத்தனார் மேல் வருத்தம் வேண்டாம், அக்கறையில்தான் வாங்கி வந்திருக்கிறார். ஹீமோகுளோபின் குறைந்தால் கீரையும் பேரீச்சையும் கொடுத்து ஏற்றுகிறோமே, அதுபோல இதையும் ஏற்றிவிடலாம் என்றுதான் அம்புக்குறியைப் பார்க்கிற யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த எண் குறைவது சாப்பாட்டுக் குறையால் இல்லை, செலவு அதிகமானதால்.

என்ன செலவு என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்கிற புரதக் கூட்டம் ஒன்று இருக்கிறது, முப்பதுக்கும் மேல். அறிக்கையில் இருக்கும் சி3, சி4 இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். பெரும்பாலும் கல்லீரல்தான் தயாரிக்கிறது. உடம்புக்குள் ஒரு கிருமி வந்தால் எதிர்ப்பொருள் போய் அதைப் பிடித்துக்கொள்கிறது, பிடித்ததும் பிடிபட்டதும் சேர்ந்து ஒரு கொத்தாகிவிடும். இதைத்தான் டாக்டர்கள் இம்யூன் காம்ப்ளெக்ஸ் என்பார்கள். சாதாரண சளி காய்ச்சலில்கூட எல்லோருக்கும் இது உண்டாகும். உண்டானால் அப்புறப்படுத்த வேண்டும், அதற்குத்தான் காம்ப்ளிமென்ட். சி1க்யூ என்கிற புரதம் முதலில் கொத்தின் மேல் வந்து உட்காரும், அது சி4ஐயும் சி2ஐயும் கிளப்பும், அவை சேர்ந்து சி3ஐ வெட்டும், வெட்டிய துண்டு கொத்தின் மேல் சீட்டு ஒட்டினாற்போல ஒட்டிக்கொள்ளும். இந்தத் துண்டுகள் நடுவே புகுந்துகொள்வதால் கொத்து பெரிய கட்டியாக இறுகாமல் சின்னதாக, கரைந்த நிலையிலேயே இருக்கும்.

அப்புறம் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சிவப்பணு ஆக்சிஜன் சுமக்கும் என்று பள்ளியில் படித்தோம், அதோடு விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு சிவப்பணுவின் மேலும் அந்தச் சீட்டைப் பிடிப்பதற்கென்றே சில நூறு கைகள் இருக்கின்றன, சிஆர்1 என்று பெயர். காலையில் நம் தெருவில் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வரும் தூய்மைப் பணியாளர் வீட்டுக்கு வீடு குப்பையை வாங்கிக்கொண்டு போவதுபோல, சிவப்பணு அந்தக் கொத்தை வாங்கிக்கொண்டு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. அங்கே இருக்கிற விழுங்கணுக்கள் கொத்தை மட்டும் கழற்றி எடுத்துத் தின்றுவிடும், சிவப்பணுவுக்கு ஒரு சேதமும் இல்லை, அடுத்த நடைக்குக் கிளம்பிவிடும்.

லூபஸில் உடம்பு தன்னுடைய டிஎன்ஏ மேலேயே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. கொத்துகள் ஓயாமல் உண்டாகின்றன, கல்லீரல் தயாரிக்கிற வேகத்தைவிட சி3, சி4 செலவாகிற வேகம் அதிகமாகிவிடுகிறது. போதாததற்கு இந்த நோயாளிகளின் சிவப்பணுக்களில் அந்தக் கைகளும் குறைந்துபோகின்றன. அள்ளப்படாத கொத்துகள் எங்கேயாவது போய்ப் படியத்தானே செய்யும்? சிறுநீரகத்தின் வடிகட்டியில் படிகின்றன. படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் கிளம்பி வெள்ளையணுக்களைக் கூப்பிட்டுவிடும், வடிகட்டி புண்ணாகும். அதனால் உங்கள் மகளின் அறிக்கையை "சக்தி இல்லை" என்று படிக்காதீர்கள், "உள்ளே ஏதோ நடக்கிறது, சிறுநீரகத்தைப் பார்" என்று படியுங்கள்.

பார்க்க வேண்டியதும் அதுதான். காலைச் சிறுநீரில் சோப்பு நுரைபோல நுரை நிற்கிறதா, கண் இமை வீங்குகிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் பாருங்கள், 0.5க்கு மேல் நிலைத்திருந்தால் டாக்டர் பயாப்ஸி (சிறுநீரகத்திலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) கேட்பார், கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். டிஎன்ஏ எதிர்ப்பொருள் அளவும் வேண்டும். இன்னொன்று, சிலருக்கு சி4 மரபணுவின் பிரதிகள் பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு நோய் அடங்கியிருக்கும்போதும் சி4 தாழ்ந்தே இருக்கும். அதனால் முந்தைய அறிக்கைகளோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும், எல்லாத் தாள்களையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப்போங்கள், முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, அதற்கான கண் பரிசோதனையையும் விடக் கூடாது.

பவுடரை ஏன் வேண்டாம் என்கிறேன்? சில சத்துப் பவுடர்களில் குதிரை மசால் முளை சேர்க்கிறார்கள். அதில் உள்ள கானவனைன் என்கிற பொருள் லூபஸ் போன்ற நோயைக் கிளப்பியதை 1980களில் குரங்குகளிலேயே பார்த்திருக்கிறார்கள். கோவிட் சமயத்தில் சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை என்றாலும், தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்புச் சக்தி கொண்ட ஒரு பெண்ணுக்கு அந்தச் சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லும் எதையும் நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். வீட்டுச் சாப்பாடு போதும். வேலூர் வெயில்தான் கவலை, வெயில் பட்டுச் சாகிற தோல் செல்களிலிருந்து டிஎன்ஏ வெளியே வரும், புதுக் கொத்துகளுக்கு அதுவே தீனி. வகுப்புக்குப் போகும்போது குடை, முழுக்கை, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும்.

கேள்வி: டாக்டர், நான் பயோகெமிஸ்ட்ரி மாணவன். காம்ப்ளிமென்ட்தான் சிறுநீரகத்தைப் புண்ணாக்குகிறது என்றால், அது இல்லாமலே பிறந்தவர்களுக்கு லூபஸ் வரக் கூடாதே, ஏன் அதிகமாக வருகிறது?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: தம்பி, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சி1க்யூ இல்லாமல் பிறந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் லூபஸ் அல்லது அதைப் போன்ற நோய் வந்திருக்கிறது, சி4 அறவே இல்லாதவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, சி2 இல்லாதவர்களில் அதைவிட மிகக் குறைவு. ஒன்றை ஒன்று கிளப்பும் இந்தப் புரதச் சங்கிலியில் எவ்வளவு முன்னால் அறுகிறதோ அவ்வளவு ஆபத்து. ஏனென்றால் முதல் கண்ணிகளின் வேலை சண்டை மட்டும் இல்லை, துப்புரவும்தான். நம் உடம்பில் தினமும் ஆயிரக்கணக்கான கோடி செல்கள் செத்துப்போகின்றன, அந்தச் சடலங்களைச் சீக்கிரம் எடுக்க சி1க்யூ உதவுகிறது. எடுக்காவிட்டால் உட்கரு உடைந்து டிஎன்ஏ சிதறும், அதை அந்நியப் பொருள் என்று எண்ணி உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கும். அளவோடு இருந்தால் துப்புரவு, படிந்த இடத்தில் மிஞ்சினால் சேதம், இரண்டும் ஒரே புரதக் கூட்டம் செய்வதுதான். சங்கிலியின் கடைசியில் இருக்கும் சி5 முதல் சி9 வரை இல்லாதவர்களுக்கு லூபஸ் பெரிதாக வருவதில்லை, அவர்களுக்கு மெனிஞ்சோகாக்கஸ் மூளைக்காய்ச்சல்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று கூடுதலாகப் படித்துப் பாருங்கள்: சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை) 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடுபடுத்தினால் காம்ப்ளிமென்ட் செயலிழக்கும், எதிர்ப்பொருள் செயலிழக்காது. இந்த வித்தியாசத்தை வைத்து வேலை செய்தவர் பெல்ஜியத்தின் ஜூல் போர்டே, 1919ஆம் ஆண்டுக்கான நோபல் அவருக்குக் கிடைத்தது. காம்ப்ளிமென்ட் என்று பெயர் வைத்தவர் பால் எர்லிக்.

கேள்வி: எட்டு வயசுப் பையனுக்குக் காலெல்லாம் சிரங்கு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டு ஆறிவிட்டது. ஒரு மாசம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி மாதிரி போகிறது. சி3 ரொம்பக் குறைவு, சி4 சரியாக இருக்கிறது என்றார்கள். இதுவும் லூபஸா?
(ஒரு தாய், அணைக்கட்டு)

பதில்: அநேகமாக இல்லை அம்மா, பயப்படாதீர்கள். இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பின்னால் வரும் சிறுநீரக அழற்சிபோலத்தான் இருக்கிறது. தொண்டைப் புண்ணுக்குப் பிறகு என்றால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் வரும், சிரங்குக்குப் பிறகு என்றால் மூன்று முதல் ஆறு வாரம். புண் ஆறினபின் வருவதால் தாய்மார்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை, நீங்கள் பார்த்து எழுதியது பெரிய விஷயம். ஊறுகாய், அப்பளம், பாக்கெட் முறுக்கு நிறுத்துங்கள், ரத்த அழுத்தத்தைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். தலைவலி, வாந்தி, மூச்சு வாங்குதல், சிறுநீர் அளவு குறைதல், இதில் எது வந்தாலும் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முழுசாகக் குணமாகிவிடுவார்கள். சி3 ஆறு முதல் எட்டு வாரத்தில் தானாக ஏற வேண்டும், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து மறுபடி எடுங்கள். ஏறவில்லை என்றால் வேறு நோயா என்று பார்க்க பயாப்ஸி தேவைப்படலாம். வீட்டில் வேறு யாருக்காவது சொறி இருந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள்.

கேள்வி: என் சித்தப்பாவைக் கரும்புத் தோட்டத்தில் கண்ணாடி விரியன் கடித்தது, விஷமுறிவு ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டார். பத்தாம் நாள் காய்ச்சல், மூட்டுவலி, உடம்பெல்லாம் தடிப்பு. விஷம் இன்னும் மிச்சம் இருக்கிறதா?
(வாசகர், ஒடுகத்தூர்)

பதில்: விஷம் இல்லை தம்பி, மருந்தின் எதிரொலி. பாம்புகளிடமிருந்து எடுத்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி அதன் ரத்தத்திலிருந்துதான் அந்த ஊசி தயாராகிறது (மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இந்த விஷம் எடுக்கும் வேலையைச் செய்கிறது, எத்தனையோ உயிர்கள் அவர்கள் கையால் பிழைத்திருக்கின்றன). குதிரையின் புரதம் நமக்கு அந்நியம். ஒரு வாரம், பத்து நாளில் அதற்கு எதிர்ப்பொருள் தயாராகி, கொத்துகள் ஒரே நேரத்தில் குவிந்து, அள்ளி மாளாமல் தோலிலும் மூட்டிலும் படிகின்றன. சீரம் நோய் என்று 1905இல் ஃபான் பிர்க்கே, ஷிக் என்ற இரண்டு மருத்துவர்கள் விவரமாக எழுதினார்கள். அரிப்புக்கு மாத்திரையும் தேவைப்பட்டால் சில நாள் ஸ்டீராய்டும் டாக்டர் கொடுப்பார், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் கண்ணாடி விரியன் கடி சிறுநீரகத்தையும் தாக்கும், சிறுநீர் குறைந்தால் இதோடு சேர்த்து நினைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். இன்னொரு முறை கடிபட்டால் ஊசியே வேண்டாம் என்று யாரும் மறுத்துவிடக் கூடாது, முன்பு இப்படி வந்தது என்று டாக்டரிடம் முதலில் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்பா தொழுநோய்க்கு ஒரு வருட மருந்தை முடித்தவர். இப்போது கை, முகத்தில் தொட்டால் வலிக்கிற சிவப்புக் கட்டிகள், காய்ச்சல். நோய் திரும்பிவிட்டதா?
(மகள், ராணிப்பேட்டை)

பதில்: திரும்பியதாக முடிவு கட்டாதீர்கள் அம்மா. செத்த கிருமிகளின் துணுக்குகள் உடம்பில் நெடுநாள் கிடக்கும், அவற்றுக்கு எதிராக உண்டாகும் கொத்துகளுக்கு இந்த அழற்சியில் பெரிய பங்கு உண்டு. வகை 2 எதிர்வினை என்பார்கள், மருந்து முடிந்தபிறகும் வரும். நரம்பும் கண்ணும் பாதிக்கப்படலாம், அதனால் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பழைய சீட்டையும் அப்பா சாப்பிட்ட மாத்திரை அட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கூட்டிப்போங்கள். கண் சிவந்திருந்தாலோ விரல் மடங்க மறுத்தாலோ நாளைக்கே.