ரிட்டயர்டு டீச்சரான எங்க அம்மா ஆன்லைன்ல பணம் ஏமாந்துட்டாங்க. ஸ்மார்ட்போனைப் பிடுங்கிட்டு பட்டன் போன் வாங்கிக் கொடுத்திடலாமா?

முதல்ல ஒன்னு கேக்குறேன், ஆன்லைன் பண மோசடிய உடனே சொல்றதுக்குன்னு இருக்க 1930 நம்பருக்கு அடிச்சீங்களா? நேத்து சாயங்காலம்தான் நடந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, "படிச்சவங்க எப்படி ஏமாந்தாங்கன்னே புரியல, வீட்ல எல்லாரும் திட்டித் தீத்துட்டோம்"னும் எழுதியிருக்கீங்க, கம்ப்ளைன்ட் கொடுத்ததா ஒரு வார்த்தை இல்ல. கொடுக்கலன்னா இதைப் படிக்கிறத நிறுத்திட்டு போன் அடிங்க. எந்த அக்கவுன்ட்ல இருந்து போச்சு, எவ்வளவு, எத்தன மணிக்கு, பேங்க் மெசேஜ்ல இருக்க டிரான்சாக்‌ஷன் நம்பர், எல்லாத்தையும் கைல வச்சுக்கோங்க. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் சைட்லயும் அதத்தான் கேப்பாங்க. அந்த மெசேஜ், கால் லிஸ்ட் எதையும் கோவத்துல அழிச்சிராதீங்க.

இப்ப எங்க கதை. எங்க அப்பா மதுரை கீழமாசி வீதில ஒரு வத்தல் மண்டில 38 வருஷம் கணக்குப்பிள்ளையா இருந்தவரு. ராத்திரி சிட்டை முடிக்கிறப்ப 2 ரூபா உதைச்சாலும் அது எங்கன்னு கண்டுபிடிக்காம வீட்டுக்கு வரமாட்டாரு. 2022ல ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஒரு மெசேஜ், போன மாச பில்லு அப்டேட் ஆகல, இன்னைக்கு ராத்திரி 9.30க்கு கரண்ட் கட், உடனே இந்த ஆபீசரக் கூப்பிடுங்கன்னு இங்கிலீஷ்ல. அந்த வருஷம் ஊர் பூரா சுத்துன மெசேஜ்தான். நல்லா கவனிங்க, நம்ம ஊர்ல ஈபி பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, "போன மாச பில்லு"ன்னு ஒன்னு எங்க இருந்து வரும்? வேற ஸ்டேட்டுக்கு எழுதுனத அப்படியே இங்கயும் தள்ளிவிட்டிருக்கானுங்க. அப்பா நிதானமா உக்காந்து யோசிச்சிருந்தா அவரே பிடிச்சிருப்பாரு. ஆனா அம்மாவுக்கு வீசிங், ராத்திரி நெபுலைசர் வைக்கணும், கரண்ட் போனா என்ன பண்றதுங்கிற பயம்தான் அவருக்கு முன்னாடி நின்னுச்சு. இவனுங்க எல்லாருமே அந்தப் பயத்தத்தான் தேடுறானுங்க, அதுக்குப் படிப்பு குறுக்க வராது.

போன் எடுத்தவன் ரொம்ப மரியாதையா பேசியிருக்கான். ஒரு ஆப் போடச் சொல்லியிருக்கான், அது நம்ம ஸ்கிரீன அவனுக்குக் காட்டுற ஆப். பத்து ரூபா மட்டும் கட்டுங்க அப்டேட் ஆயிரும்னு சொல்ல, அப்பா கார்டு நம்பர் அடிச்சிருக்காரு, வந்த ஓடிபிய அவன் அங்க இருந்தே பாத்துட்டான். முதல்ல 49,999 போச்சு. அப்பா பதறிக் கேட்டதுக்கு, தப்பா போயிருச்சு சார், திருப்பி அனுப்ப இன்னொரு ஓடிபி வரும்னு சொல்லி இன்னொரு 49,999, அப்புறம் 37,500. மொத்தம் 1,37,498.

மறுநாள் காலைல யார்ட்டயும் சொல்லாம பஸ் ஏறி பேங்குக்குப் போயிருக்காரு. ரெண்டாவது சனிக்கிழமை, ஷட்டர் சாத்திக் கிடந்திருக்கு. வீட்டுக்கு வந்து, கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்னு அம்மாட்ட சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கிழமை ராத்திரி அம்மா எனக்கு போன் பண்ணி, "ஏய்யா, அப்பா ரெண்டு நாளா சோத்துல கை வைக்கல, என்னான்னு கேளுய்யா"ன்னாங்க. நான் போய்ப் பாத்தா அவரு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. தேதி, நேரம், மூணு தொகையும் பற்றுப் பக்கத்துல வரிசையா, அதுக்கு மேல அந்தத் திருட்டுப்பய சொன்ன பேர, முன்னாடி திரு போட்டு, "ஈபி ஆபீசர்"னு. அந்தப் பக்கத்த என்னால இன்னைக்கும் மறக்க முடியல.

"ஏம்ப்பா என்ட்ட சொல்லல"ன்னு கேட்டேன். "நீ திட்டுவ"ன்னாரு. உண்மைதான். போன்ல எதாச்சும் சந்தேகம் கேட்டாலே நான் எரிஞ்சு விழுவேன், எத்தன தடவப்பா சொல்றதுன்னு. அந்த ரெண்டு நாள் அப்படித்தான் போச்சு.

அந்த ரெண்டு நாள் ஏன் பெருசுன்னா, பணம் முதல் அக்கவுன்ட்ல உக்காந்திருக்காது, நிமிஷக் கணக்குல அஞ்சாறு அக்கவுன்ட்டுக்குப் பிரிஞ்சு ஏடிஎம்ல வெளிய வந்திரும். 1930ல பதிஞ்சா அது போன பாதையில இருக்க பேங்குகளுக்குத் தகவல் போயி, மிச்சம் கிடக்கறத நிறுத்தி வைப்பாங்க. எங்களுக்கு நின்னது 18,200 மட்டும், அதுவும் கோர்ட் ஆர்டர் வாங்கி கைக்கு வர ஒரு வருஷம் ஆச்சு. இன்னொன்னு, ரிசர்வ் பேங்க் 2017லயே ஒரு விதி போட்டிருக்கு. ஓடிபி, பாஸ்வேர்டெல்லாம் நாமளே கொடுத்து ஏமாந்தா பேங்க்குக்குச் சொல்ற வரைக்கும் உள்ள நஷ்டம் நம்மளது, சொன்னதுக்கு அப்புறம் போற பணம் பேங்க் பொறுப்பு. நம்ம தப்பே இல்லாம வெளில எங்கயோ ஓட்டை விழுந்து போயிருந்தா, மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நமக்கு நஷ்டமே கிடையாது. எப்படிப் பாத்தாலும் சீக்கிரம் வாயத் திறக்கணும், வாயத் திறக்க வீட்ல தைரியம் கொடுக்கணும்.

அப்பா பண்ணது சரின்னு சொல்ல வரல. அவசரப்பட்டாரு, அது தப்புதான். "நீ என்ன போலீஸா"ன்னு கமெண்ட்ல வர்றவங்களுக்கு, நான் போலீஸும் இல்ல பேங்க்லயும் இல்ல, டைல்ஸ் கடை வச்சிருக்கேன், பட்டதச் சொல்றேன்.

இதுல எனக்கு ஆறாதது எங்க சித்தப்பா. திருமங்கலம் பக்கம் ஒரு காதுகுத்துல, மொய் எழுதுற டேபிள் முன்னாடி அத்தன பேரு நிக்கிறப்ப, "அண்ணே, ஆன்லைன்ல விட்டது போக மிச்சம் இருந்தா எழுதுங்க"ன்னு சத்தமா சொன்னாரு. அப்பா 1,001 எழுதிட்டு சாப்பிடாமக் கிளம்பிட்டாரு. அதே சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு அப்பாட்ட வாங்குன 40,000 இன்னைக்கு வரைக்கும் வரல, வட்டிய விடுங்க, அசலே வரல. அதப் பத்தி எந்த விசேஷத்துலயும் அப்பா வாயத் திறந்ததில்ல. கேள்விக்குச் சம்பந்தம் இல்லதான், ஆனா ஏமாந்தவர அசிங்கப்படுத்துறது எங்க வரைக்கும் போகும்னு தெரியணும்ல.

பட்டன் போன் விஷயத்துக்கு வர்றேன், அதையும் நான் பண்ணிப் பாத்துட்டேன். நாலு மாசம் அப்பாட்ட பட்டன் போன்தான். பேரப்பிள்ளைய வீடியோல பாக்க முடியல, பழைய மண்டி ஆளுங்க வாட்ஸப் குரூப் போச்சு, மனுஷன் திண்ணைலயே உக்காந்துட்டாரு. ஓடிபி கேட்டு கால் வர்றது மட்டும் நிக்கல, அது பட்டன் போனுக்கும் வரும்ல. அதனால பிடுங்காதீங்க.

நாங்க பண்ணது, டெபாசிட், சேமிப்பு இருக்க அக்கவுன்ட்ல யூபிஐ, நெட் பேங்கிங் ரெண்டையும் எடுத்துட்டோம். செலவுக்குத் தனியா ஒரு அக்கவுன்ட், அதுல 5,000க்கு மேல வைக்கிறதில்ல. பணம் வர்றதுக்கு பின் நம்பரே வேண்டாம், பின் கேட்டா பணம் போகுதுன்னு அர்த்தம், இத மட்டும் நோட்டு அட்டைல பெருசா எழுதி வச்சிருக்காரு. வாட்ஸப்ல ஏபிகேன்னு முடியுற ஃபைல், அதாவது தொட்டா போன்ல ஆப் ஏத்துற ஃபைல் வந்தா, கல்யாணப் பத்திரிகைன்னு இருந்தாலும் வண்டி ஃபைன்னு இருந்தாலும் தொடக்கூடாது. உங்க அம்மாட்ட டிஜிட்டல் அரெஸ்ட் பத்தியும் சொல்லிருங்க. வீடியோ கால்ல யூனிஃபார்ம் போட்டு உக்காந்து, உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள்னு மிரட்டுவானுங்க, கேமராவ விட்டு நகரவே விடமாட்டானுங்க. சட்டத்துல அப்படி ஒரு அரெஸ்ட்டே கிடையாது, 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோல சொன்னாரு.

போன மாசம் கடைல லோடு இறங்கிட்டு இருக்கப்ப அப்பா போன். வண்டி ஃபைன்னு ஒரு ஃபைல் வந்திருக்கு, டிவிஎஸ் 50 நம்பர் கூட சரியா இருக்குதுப்பா, ஆனா நான் தொடலன்னாரு. லோடுகாரங்கள நிக்க வச்சுட்டு அஞ்சு நிமிஷம் பேசுனேன், ரெண்டு பேரும் சேந்து அந்த நம்பர பிளாக் பண்ணோம்.